பெயர் வைத்தவர் போன பிறகு

(மஸ்கெலியாவில் உயர்தர வகுப்பு மாணவர்கள், ஆசிரியர்கள், தோட்ட அலுவலக ஊழியர்கள் முன்னிலையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நம்முடைய மவுசாக்கலை நீர்த்தேக்கத்துத் தண்ணீர் முதலில் கெனியன் மின்நிலையத்துக்குப் போகிறது. அங்கிருந்து நவலக்ஷபான. லக்ஷபானவில் முதல் மின்நிலையம் 1950இல் இயங்கத் தொடங்கியது. 1974இல் இன்னொன்று வந்தபோது அதற்கு நவலக்ஷபான, அதாவது 'புதிய லக்ஷபான', என்று பெயர் வைத்தார்கள். கெனியன் வந்தது 1983இல். ஆக, ஐம்பது வயது கடந்த நிலையம் பெயரில் இன்னும் புதியதாகவே இருக்கிறது. மின்நிலையத்துக்கு இதனால் நட்டம் இல்லை. கண்ணுக்குத் தெரிகிற கட்டடம், வரைபடம் இருக்கிறது, வேலை செய்கிறவர்கள் இருக்கிறார்கள். கணினிச் செய்நிரலுக்குள் கட்டடம் இல்லை. அங்கே நாம் பிடித்துக்கொள்வதற்கு இருப்பது பெயர் மட்டும்தான். 'புதிய கணக்கு' என்று ஒருவர் பெயர் வைத்துவிட்டுப் போனால், பத்து வருடம் கழித்து அதைத் திறக்கிறவருக்கு அது எதைவிடப் புதியது, பழையது இன்னும் ஓடுகிறதா, எதைத் தொட்டால் எது உடையும் என்று ஒன்றுமே தெரியாது. பக்கத்திலேயே 'புதிய கணக்கு 2' இருக்கும். 'கடைசி' என்று ஒன்று இருக்கும். அதற்குப் பிறகு எழுதப்பட்ட வேறொன்றும் இருக்கும்.

இன்று நான் பேச வந்தது இதைப் பற்றித்தான். ஒருவர் எழுதிப் பெயர் சூட்டிவிட்டுப் போன செய்நிரலை இன்னொருவர் வந்து பராமரிக்கும் பாடு. இது கணினிக்காரர்களின் வீட்டுப் பிரச்சினை என்று தோட்ட அலுவலக நண்பர்கள் நினைக்க வேண்டாம். கொழுந்து பறிக்கிறவரின் சம்பளம் அந்தப் பெயர்களுக்குள்தான் இருக்கிறது.

நான் பல வருடங்களாகத் தோட்டச் சம்பளக் கணக்கு மென்பொருள்களைப் பராமரித்து வருகிறேன். புதிதாக எழுதுவது குறைவு. பெரும்பாலும் வேறு யாரோ விசுவல் பேசிக்கிலும் அக்சஸிலும் எழுதி வைத்ததை வாசிப்பதும், விளங்கிக்கொள்வதும், ஒரு வரியை மாற்றுவதும், மாற்றியது வேறெதையும் கெடுக்கவில்லை என்று உறுதிசெய்வதும்தான் வேலை. எழுதியவர் வெளிநாடு போயிருப்பார், அல்லது வேறு கம்பெனிக்கு. நமது தோட்டங்களின் வரலாறும் இதற்கு ஏற்றாற்போல் அமைந்துவிட்டது. 1972இலும் 1975இலும் காணிச் சீர்திருத்தத்தில் தோட்டங்கள் அரசுடைமையாகின. 1992இல் நிர்வாகம் பிராந்தியக் கம்பெனிகளுக்குக் கைமாறியது. ஒவ்வொரு கைமாற்றத்திலும் பதிவேடுகள் வந்தன. அவற்றை எழுதியவர்கள் வரவில்லை.

ஒரு சம்பவத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். 2016 ஒக்டோபரில் கையெழுத்தான தோட்டத் தொழிலாளர் சம்பளக் கூட்டு ஒப்பந்தம் இங்கே எல்லோருக்கும் நினைவிருக்கும். அடிப்படைச் சம்பளம் 500 ரூபா. வரவுக்கான ஊக்குவிப்பு 60. உற்பத்தி ஊக்குவிப்பு 140. விலைப் பங்குக் கொடுப்பனவு 30. எல்லாம் சேர்ந்தால் நாளொன்றுக்கு 730. நான்கும் பணம்தான் என்றாலும் நான்கும் ஒன்றில்லை. 60 ரூபா கிடைக்க, வேலை வழங்கப்பட்ட நாட்களில் 75 வீதம் வந்திருக்க வேண்டியிருந்தது. 140 கிடைக்க, தோட்டம் நிர்ணயித்த கிலோவை எட்ட வேண்டியிருந்தது. ஊழியர் சேமலாப நிதிக்கும் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கும் நிர்வாகம் செலுத்திய 12 வீதமும் 3 வீதமும் அடிப்படை 500க்கு மட்டுமே. அது 75 ரூபா. இத்தனை விதிகள் நான்கு எண்களுக்குள் இருந்தன.

நான் கையேற்ற செய்நிரலில் இந்த நான்கும் ஏ, ஏ1, ஏ2, ஏ3 என்று இருந்தன. எது வரவு, எது உற்பத்தி, எது விலைப் பங்கு என்று எங்கும் எழுதியிருக்கவில்லை. அதைவிட மோசம், பல இடங்களில் மாறியின் பெயரும் இல்லாமல் 500, 60, 140, 30 என்ற வெறும் எண்களே கிடந்தன. 2019 ஜனவரியில் புதிய ஒப்பந்தம் வந்தது. அடிப்படை 700 ஆனது, விலைப் பங்கு 50 ஆனது, வரவுக்கும் உற்பத்திக்கும் கொடுத்த ஊக்குவிப்புகள் போயின. மேலிடத்தில் எனக்குச் சொன்னது இதுதான்: "நாலு இலக்கம்தானே, மாத்திவிடுங்க. இன்னைக்குள்ள முடிஞ்சிடும்."

30ஐத் தேடினேன். விலைப் பங்கும் 30, மாதத்தின் நாட்களும் 30. 60ஐத் தேடினேன். வரவு ஊக்குவிப்பும் 60, மேலதிக நேரக் கணக்கில் மணித்தியாலத்தின் நிமிடங்களும் 60. பிறகு 500ஐத் தேடினேன். அங்கேதான் எனக்கு உண்மையாகவே கை நடுங்கியது.

நமது பழைய தேசிய அடையாள அட்டை எண்ணை எடுத்துப் பாருங்கள். ஒன்பது இலக்கமும் ஓர் எழுத்தும். முதல் இரண்டு இலக்கம் பிறந்த வருடம். அடுத்த மூன்று, வருடத்தின் எத்தனையாவது நாள் என்பது. பெண்ணாக இருந்தால் அந்த நாளோடு 500ஐக் கூட்டிவிடுவார்கள். மார்ச் முதலாம் திகதி பிறந்த ஆணுக்கு 061, பெண்ணுக்கு 561. பெப்ரவரிக்கு எல்லா வருடமும் 29 நாள் என்றே இந்தக் கணக்கு ஓடும். அதுவும் எங்கும் எழுதப்பட்டிருக்கவில்லை. அட்டை எண்ணைக் கொண்டு ஆணா பெண்ணா என்று கண்டுபிடிக்கிற வரியில், "டி 500ஐவிடக் கூடினால்" என்று எழுதியிருந்தது. டி என்றால் நாள். 500 என்றால் பெண். ஆனால் ஒரு பக்கம் தள்ளி அதே 500 அடிப்படைச் சம்பளம். எல்லா 500ஐயும் ஒரே அடியில் 700 ஆக்கியிருந்தால், ஜனவரி முதல் ஜூலை 18 வரை பிறந்த பெண்கள் அத்தனை பேரும் அந்தத் தோட்டத்தின் கணக்கில் ஆண்களாகியிருப்பார்கள், அதுவும் வருடத்தில் இல்லாத ஒரு நாளில் பிறந்த ஆண்களாக. பிரசவ விடுமுறைக் கணக்கும் அந்த ஆண்-பெண் அடையாளத்தை நம்பித்தான் ஓடியது.

ஒரு வரியில் "பெண்_கூட்டல் = 500" என்றும் இன்னொரு வரியில் "அடிப்படைச்_சம்பளம் = 500" என்றும் எழுதியிருந்தால், மேலிடம் சொன்னது போல அன்றைக்கே முடிந்திருக்கிற வேலை அது. ஒவ்வொரு எண்ணாக நின்று, இது எதன் 500 என்று கேட்டுக்கேட்டுப் போனதில் வாரங்கள் போயின. அந்த வாரங்களில் எனக்கு வந்த கோபத்தை இன்றும் மறைக்க விரும்பவில்லை. எழுதியவர் திறமையானவர். கணக்குகள் சரியாக இருந்தன. அந்தச் சரியை அடுத்தவர் கண்டுகொள்ள ஒரு வழியும் அவர் விட்டு வைக்கவில்லை.

இன்னொன்று, நிறை. கொழுந்தை மலையில் நிறுக்கும்போது சாக்குக்கும் ஈரத்துக்கும் கழிப்பது நமக்குப் பழைய வழக்கு, பழைய வழக்கு என்பதைவிடப் பழைய சண்டை. என் அம்மா காலத்திலும் இந்தப் பேச்சு இருந்தது, இன்றும் இருக்கிறது. செய்நிரலில் நிறை என்பதற்கு 'டபிள்யூடி', 'டபிள்யூடி1', 'டபிள்யூடி2' என்று மூன்று இருந்தன. ஒன்று தராசு காட்டியது. ஒன்று கழித்தது. மூன்றாவது தொழிற்சாலையில் மறுபடி நிறுத்தது. எது எதுவென்று பெயர் சொல்லவில்லை. ஒரு வரியில் நிறையிலிருந்து ஒரு சிறிய எண் கழிக்கப்பட்டது. அது சாக்கா, ஈரமா, இரண்டுமா? 'தராசு_நிறை', 'ஈரக்_கழிவு', 'சாக்குக்_கழிவு', 'சம்பள_நிறை' என்று பிரித்து எழுதியிருந்தால் அந்தக் கழிவை நிர்வாகமும் பார்த்திருக்கும், தொழிற்சங்கமும் கேட்டிருக்கும். பெயர் இல்லாத கழிவை யாரும் கேள்வி கேட்பதில்லை. நான் சொல்ல வந்ததில் மையமான விடயம் இதுதான்: கெட்ட பெயர் பராமரிக்கிறவரின் நேரத்தைத் தின்பதோடு நிற்பதில்லை; யாருக்கு என்ன போகிறது என்பதையும் மூடிவிடுகிறது.

சம்பளச் சீட்டையே பாருங்கள். சங்கச் சந்தா, தீபாவளி முற்பணம், தேயிலைத்தூள், கோயில், கடன் என்று எத்தனை கழிவுகள். முன்பு சலவைக்கும் சிகைக்கும்கூடக் கழித்தார்கள். செய்நிரலுக்குள் அவை டி1, டி2, டி3 என்று வரிசையாக இருக்கும். எழுதியவருக்கு நேரம் இல்லாவிட்டால் அந்தப் பெயரே சீட்டிலும் அச்சாகி வரும். கங்காணியிடம் கேட்டால் கணக்கப்பிள்ளையைக் கேள் என்பார், கணக்கப்பிள்ளை கிளாக்கரைக் காட்டுவார், கிளாக்கர் கம்பியூட்டரைக் காட்டுவார். கம்பியூட்டருக்குத் தெரிந்தது டி7 மட்டும்.

அளவின் பெயரை எழுதாமல் விட்டதால் வந்த நட்டத்துக்கு உலகம் அறிந்த உதாரணம் ஒன்று இருக்கிறது. நாசா செவ்வாய்க்கு அனுப்பிய காலநிலை ஆய்வுக் கலம் 1999 செப்டெம்பர் 23ஆம் திகதி தொலைந்தது. ஒரு மென்பொருள் உந்துவிசையைப் பவுண்டுக் கணக்கில் கொடுத்தது. வாங்கிய மென்பொருள் அதை நியூட்டன் கணக்கு என்று எடுத்துக்கொண்டது. எண் மட்டும் கைமாறியது, அது எந்த அளவின் எண் என்பது கைமாறவில்லை.

ஏன் இப்படிப் பெயர் வைக்கிறார்கள்? சோம்பல் என்று ஒரே வார்த்தையில் முடிப்பது நியாயமில்லை. 1957இல் வந்த ஃபோர்ட்ரான் மொழியில் ஒரு பெயருக்கு ஆறு எழுத்துக்கு மேல் இடமிருக்கவில்லை. ஐ முதல் என் வரையான எழுத்துகளில் தொடங்கும் பெயர்கள் முழு எண்கள் என்பது அதன் விதி. இன்றும் பாடப்புத்தகத்தில் ஐ, ஜே, கே என்று எண்ணுகிறோமே, அந்தப் பழக்கத்துக்கு அந்த விதியும் ஒரு காரணம். அன்று நினைவகம் விலை உயர்ந்தது, எழுத்தைச் சிக்கனமாகச் செலவழித்தார்கள். இன்று அந்தத் தடை இல்லை. பழக்கம் மட்டும் மிஞ்சியிருக்கிறது. அவசரமும் ஒரு காரணம்தான். சம்பள நாளுக்கு முதல்நாள் இரவு எழுதுகிறவர் பெயரைப் பற்றி யோசிக்கமாட்டார்.

எனக்கு இவற்றைவிடப் பெரிய காரணமாகத் தெரிவது வேறொன்று. எழுதியவருக்குத் தோட்டம் தெரியாது. கொழும்பில் இருந்துகொண்டு எழுதுகிறார். நம்மிடம் 'பேர்' என்றால் ஆளின் பெயரும்தான், ஒரு நாள் வேலையும்தான். வரவுப் பதிவேடான செக்ரோலில் பேர் போட்டால் அந்த நாளுக்குச் சம்பளம் உண்டு. கிலோ குறைந்தால் அரைப்பேர். இங்கே இருக்கிற சின்னப் பிள்ளைக்கும் அது தெரியும். செக்ரோலைப் பார்த்து ஆங்கிலத்தில் எழுதிய ஒருவர், 'பேர்' என்று தலைப்பிட்ட பத்தியை ஆளின் பெயர் என்று எடுத்துக்கொண்டு 'நேம்2' என்று ஒரு புலம் உண்டாக்கி வைத்திருந்தார். அதற்குள் 1 என்றும் 0.5 என்றும் எண்கள். பெயருக்குள் ஏன் அரை வருகிறது என்று விளங்காமல் அவருக்குப் பின்னால் வந்தவர் அதை அழிக்கவே பார்த்தார். அழித்திருந்தால் அரைப்பேர்க் கணக்கு முழுவதும் போயிருக்கும். இவர்கள் இருவரில் ஒருவர் ஒருநாள் காலையில் வேலை பிரித்துக் கொடுக்கிற பெரட்டுக்களத்துக்கு வந்து நின்றிருந்தால் போதும், இந்தத் தவறு நேர்ந்திருக்காது. கைக்காசு, மேலதிக கிலோ, அரைப்பேர் என்று நமது ஆட்கள் நூறு வருடத்துக்கு மேலாகத் துல்லியமாகப் பெயர் வைத்துத்தான் வேலை செய்துவருகிறார்கள். அந்தப் பெயர்களை அப்படியே செய்நிரலுக்குள் கொண்டு போனால் பாதிச் சிக்கல் தீரும். 'ஹாஃப்_டே_2' என்பதைவிட 'அரைப்பேர்' நல்ல பெயர், ஏனென்றால் அதன் விதி நமக்குத் தெரியும்.

இனி ஆட்களின் பெயர்களுக்கு வருகிறேன்.

இலங்கையில் வெகுகாலம் தமிழைக் கணினியில் ஏற்றியது பெரும்பாலும் பாமினி எழுத்துருவில்தான். அதில் தமிழ் திரையில் மட்டும்தான் இருக்கும், உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துகள். 'மலை' என்று தட்டினால் கணினி வைத்துக்கொள்வது கே, ஐ, ஒய் என்ற மூன்று எழுத்துகளை. தெரிந்து செய்தால் இதில் குற்றமில்லை. ஆனால் அந்தப் புலத்துக்கு 'பாமினியில் உள்ள பெயர்' என்று பெயர் வைக்காமல் வெறுமனே 'நேம்' என்று வைத்துவிட்டுப் போனால்? பின்னால் வருகிறவருக்கு அது அர்த்தமில்லாத ஆங்கிலக் குப்பையாகத் தெரியும். ஒழுங்குபடுத்துகிறேன் என்று பெரிய எழுத்துகளையெல்லாம் சின்ன எழுத்தாக மாற்றிவிடுவார். பாமினியில் பெரிய கே 'மு', சின்ன கே 'ம'. பெரிய யூ 'ரு', சின்ன யூ 'ர'. ஒரே கட்டளையில் முருகன் மரகன் ஆகிவிடுவார். அவரோடு சேர்த்து ஒரு தோட்டமே பெயர் மாறிப்போகும்.

முதற்பெயர், கடைசிப்பெயர் என்று இரண்டு பெட்டி வைத்து எழுதப்பட்ட படிவங்களும் இப்படித்தான். நம் வழக்கத்தில் முன்னால் தகப்பன் பெயர், பின்னால் சொந்தப் பெயர். ராமசாமி லெட்சுமி என்றால் லெட்சுமிதான் ஆள். படிவம் அவரை ராமசாமி என்று கூப்பிடுகிறது, லெட்சுமியைக் குடும்பப்பெயர் ஆக்குகிறது. இன்னொரு அலுவலகத்தில் அதையே திருப்பி எழுதுகிறார்கள். பிறப்புச் சான்றிதழில் ஒரு விதம், அடையாள அட்டையில் ஒரு விதம், சேமலாப நிதியில் ஒரு விதம். வேலையிலிருந்து ஓய்வுபெற்று அந்தப் பணத்தை எடுக்கப் போகும்போதுதான் மூன்றும் ஒரே ஆள் என்று நிரூபிக்க வேண்டியிருக்கிறது. கிராம உத்தியோகத்தரிடம் கடிதம், சமாதான நீதவானிடம் சத்தியக் கடதாசி, பிரதேச செயலகத்துக்கு நடை. ஒரு நாள் நடைக்கு ஒரு பேர் போகும்.

ஒரு பிழையான பெயர் பதிவில் ஏறிவிட்டால் அதைத் திருத்துவது ஏன் இவ்வளவு கடினம்? இணையத்தின் அடித்தளத்திலேயே இதற்கு ஒரு சாட்சி இருக்கிறது. ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்குப் போகும்போது, எங்கிருந்து வந்தோம் என்பதை உலாவி ஒரு தலைப்பின் கீழ் அனுப்புகிறது. அந்தத் தலைப்புக்கு 'ரெஃபரர்' என்று பெயர். அதை ஆங்கிலத்தில் எழுதும்போது ஓர் 'ஆர்' விட்டுப்போனது. 1996இல் வெளிவந்த தர ஆவணத்தில் அந்தப் பிழையோடேயே ஏறியது. அதற்குள் உலாவிகளும் வழங்கிகளும் அந்த எழுத்துகளையே நம்பி எழுதப்பட்டுவிட்டன. இன்றுவரை அந்தத் தலைப்பைக் கையாளும் ஒவ்வொரு மென்பொருளும் அந்தச் சொல்லைப் பிழையாகத்தான் எழுதவேண்டும். சரியாக எழுதினால் வேலை செய்யாது.

இதை வாசித்தபோது எனக்கு நமது பிறப்புப் பதிவேடுகள்தான் நினைவுக்கு வந்தன. தமிழ் தெரியாத ஒருவர் காதில் விழுந்ததை எழுதிவிட்டார். பிள்ளை பள்ளிக்கூடம் போனது, சாதாரண தரம் எழுதியது, அட்டை எடுத்தது, எல்லாவற்றிலும் அந்தப் பிழையே ஏறியது. இனி எப்படிம்மா மாத்துறது, அப்படியே வச்சுக்குவோம் என்று வீட்டில் சொல்லிவிடுகிறார்கள். அந்தப் பிள்ளை வாழ்நாள் முழுவதும் தன் பெயரைப் பிழையாக எழுதவேண்டும். சரியாக எழுதினால் எந்த அலுவலகமும் ஏற்காது.

நம்மைப் பெயரால் அல்லாமல் எண்ணால் பதிந்த வரலாறும் இருக்கிறது. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் தென்னிந்தியாவின் மண்டபம் முகாம் வழியாக வந்தவர்களுக்குத் தகரச் சீட்டு கொடுத்தார்கள். தோட்டத்துக்குரிய குறியும் ஆளின் வரிசை எண்ணும் அதில் அடித்திருக்கும். துரைமாருக்கு அது போதுமாக இருந்தது. ஆனால் 1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் பிரஜாவுரிமை கேட்கப் போனபோது, மணமானவர் ஏழு வருடம், மணமாகாதவர் பத்து வருடம் இங்கே தொடர்ந்து வாழ்ந்ததைக் காட்ட வேண்டியிருந்தது, அதுவும் 1946 ஜனவரி முதலாம் திகதிக்கு முந்திய காலத்துக்கு. எட்டு லட்சத்துக்கும் அதிகமானவர்களுக்காக விண்ணப்பங்கள் போயின. கிடைத்தது ஒன்றரை லட்சத்துக்கும் குறைவானவர்களுக்கு. மறுப்புகளுக்குப் பின்னால் அரசியல் இருந்தது, அதை நான் மறக்கவில்லை. ஆனால் செக்ரோலில் ஒரு பெயரும் பிறப்புப் பதிவில் வேறொரு பெயருமாக இருந்த குடும்பம் எந்தத் தாளைக் கொண்டுபோய்க் காட்டியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் வரை அந்தக் கதை நீண்டது.

பழைய அடையாள அட்டை எண்ணின் கடைசியில் வீ என்று ஓர் எழுத்து இருக்குமே, பொதுவாக அது வாக்களிக்கத் தகுதியுள்ளவர் என்பதைக் குறிக்கும். எக்ஸ் என்றும் சிலருக்கு இருந்தது. ஏன் எக்ஸ் என்று தெரியாத ஒரு செய்நிரலாளர், வீ இல்லாத எண் பிழையான எண் என்று ஒரு வரி எழுதிவிட்டால், ஒரு மனிதரைக் கணினி திருப்பி அனுப்பிவிடும். 2016 முதல் வந்த பன்னிரண்டு இலக்க எண்ணில் அந்த எழுத்து இல்லை. பழைய வரி மட்டும் பல மென்பொருள்களில் கிடக்கும்.

சரி, என்ன செய்யலாம்? வேலையில் இருக்கிற தம்பிமாருக்கு முதலில் சொல்கிறேன். கெட்ட பெயர்களோடு ஒரு செய்நிரல் கைக்கு வந்தால், முழுவதையும் அழித்துவிட்டுப் புதிதாக எழுதுகிறேன் என்று ஆசைப்படாதீர்கள். அந்த அசிங்கமான வரிகளுக்குள் யாரோ ஒரு கிளாக்கர் சொல்லி, யாரோ ஒருவர் இரவு விழித்துச் சேர்த்த விதிகள் இருக்கின்றன. புதிதாக எழுதினால் அவை போய்விடும். முதலில் போன மூன்று மாதச் சம்பளத்தை ஓட்டி, வந்த விடைகளைச் சேமித்து வையுங்கள். பிறகு ஒரு பெயரை மட்டும் மாற்றுங்கள். மறுபடி ஓட்டுங்கள். ஒரு சதம்கூட மாறாவிட்டால் அடுத்த பெயர். டி7 என்னவென்று கண்டுபிடித்த அன்றே அதன் பெயரை மாற்றிவிடுங்கள். நாளைக்கு என்று விட்டால் நாளைக்கு நீங்களே மறுபடி தேடுவீர்கள். வெளியே வேறு மென்பொருள்கள் நம்பியிருக்கும் பெயரை மட்டும் மாற்ற முடியாது. அங்கே பழைய பெயரை வைத்துக்கொண்டு, அது என்ன என்பதை ஒரு வரியில் பக்கத்தில் எழுதுங்கள்.

தமிழிலேயே பெயர் வைக்கலாமா என்று அடிக்கடி கேட்கிறார்கள். பைதன் 3இல் மாறிகளுக்குத் தமிழ் எழுத்தில் பெயர் வைக்கலாம். முத்து அண்ணாமலை உருவாக்கிய 'எழில்' மொழியில் கட்டளைகளே தமிழ். சேர்ந்து வேலை செய்கிறவர்களில் சிங்களச் சகோதரர்கள் இருந்தால் ஆங்கில எழுத்தில் 'அரைப்பேர்' என்று எழுதிக்கொள்ளுங்கள். எந்த எழுத்து என்பதில் எனக்குப் பிடிவாதம் இல்லை. தோட்டத்தில் வழங்குகிற சொல்லாக இருக்கவேண்டும் என்பதில் எனக்குப் பிடிவாதம் உண்டு.

தோட்ட அலுவலக நண்பர்களே, மென்பொருள் எழுத ஒருவர் வரும்போது படிவங்களை மட்டும் கொடுத்து அனுப்பாதீர்கள். ஒரு நாள் அவரைப் பெரட்டுக்கும் கொழுந்து நிறுக்கிற இடத்துக்கும் கூட்டிப்போங்கள். உங்களுக்குச் சர்வசாதாரணமான சொற்கள் அவருக்குத் தெரியாது, தெரியாது என்று சொல்ல அவருக்குக் கூச்சமாகவும் இருக்கும்.

உயர்தரத்தில் தகவல் தொழினுட்பம் படிக்கிற தம்பி தங்கைகளிடம் ஒரு வேண்டுகோள். இந்த வருடச் செயற்றிட்டத்துக்குக் கொழும்பு நூலகத்தையும் வாடகைக் கார் கம்பெனியையும் தேடவேண்டாம். உங்கள் தோட்டத்துக் கணக்கப்பிள்ளையிடமும் கிளாக்கரிடமும் வயதான அம்மாமாரிடமும் போய் உட்காருங்கள். செக்ரோலிலும் சம்பளச் சீட்டிலும் இருக்கிற ஒவ்வொரு சொல்லையும் எழுதுங்கள்: அது எதைக் குறிக்கிறது, எப்போது கொடுப்பார்கள், எப்போது கழிப்பார்கள், எந்த வருடத்திலிருந்து. ஒரு கொப்பி நிறையும். அதன் ஒரு பிரதியைப் பாடசாலையில் வையுங்கள், தோட்ட அலுவலகத்துக்கு ஒரு பிரதி கொடுங்கள். அடுத்து யார் வந்து செய்நிரல் எழுதினாலும் அந்தக் கொப்பியிலிருந்து பெயர் வைக்கட்டும். சந்தேகம் வந்தால் என்னையும் கூப்பிடுங்கள், வந்து உட்கார்ந்து உங்களோடு எழுதுகிறேன்.